டி-ஷர்ட்டுக்குள் தலை நுழையும் நொடி

கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்து, எதிலும் சாயாமல், ஒரு டி-ஷர்ட்டை மெதுவாக அணிந்து பாருங்கள். இரண்டு கைகளும் தலைக்கு மேலே போகின்றன. துணி முகத்தை மூடுவதால் ஓரிரு நொடிகள் எதுவும் தெரிவதில்லை. கழுத்துப் பகுதியைத் தேடித் தலை குனிகிறது, திரும்புகிறது. ஊன்றிக்கொள்ள ஒரு கைகூட மிச்சமில்லை. ஆனாலும் நாம் சரிவதில்லை.

உட்கார்ந்திருக்கும் உடலைப் பிட்டமும் தொடையும் தரையில் பதிந்த பாதங்களும் தாங்குகின்றன. உடலின் எடைமையம் இந்தத் தாங்குபரப்புக்கு நேர் மேலே இருக்கும்வரை விழமாட்டோம். கையை நீட்டினாலே அந்த மையம் நகர்ந்துவிடும். அதனால் கை புறப்படுவதற்குச் சற்று முன்பே முதுகுத் தசைகளும் வயிற்றுத் தசைகளும் இறுகிக்கொள்கின்றன. வரப்போகும் ஆட்டத்தை முன்பே கணித்து மூளை இடும் கட்டளை அது.

மார்பு மட்டத்தில் தண்டுவடம் முழுமையாக அறுபட்டவருக்கு அந்தக் கட்டளை காயத்துக்குக் கீழே இறங்காது. எடை எந்தப் பக்கம் சாய்கிறது என்ற சேதியும் கீழிருந்து மேலே வராது. பிறகு எப்படி உட்காருகிறார்? நெதர்லாந்து ஆய்வாளர்கள் 1990களில் இதற்குத் தசைகளின் மின்சமிக்ஞைகளில் விடை தேடினார்கள். முதுகின் அகன்ற தசை ஒன்று துணைக்கு வருகிறது. அதற்கான நரம்பு கழுத்துப் பகுதியில் புறப்படுகிறது. தசையோ இடுப்பெலும்பு வரை இறங்குகிறது. காயத்துக்கு மேலிருந்து ஆணை வாங்கி, காயத்துக்குக் கீழே உள்ள எலும்பை இழுத்துப் பிடிக்கும் அபூர்வத் தசை இது. உடலின் இந்த மாற்று ஏற்பாடு என்னை இன்றும் வியக்க வைக்கிறது.

ஆனால் அந்தத் தசையின் இயல்பான வேலை மேல்கையைக் கீழே இழுப்பது. டி-ஷர்ட்டுக்காகக் கையை உயர்த்தும்போது அது நீண்டு கொடுத்தாக வேண்டும். உடலைத் தாங்கவும் வேண்டும், கையை விடுவிக்கவும் வேண்டும். கண்ணும் மறைந்திருக்கும் அதே நொடியில்தான் இந்தச் சோதனை வருகிறது. இரு கைகளையும் மடியில் வைத்து அசையாமல் உட்காரச் சொல்லும் பரிசோதனையில் இது எதுவும் வெளிப்படாது.

சமநிலையை அளக்க வழிகள் பல உண்டு. அழுத்தத் தட்டின்மேல் உட்காரவைத்து எடை நகரும் பாதையைப் பதிவுசெய்யலாம். கை எவ்வளவு தூரம் எட்டுகிறது என்று சென்டிமீட்டரில் குறிக்கலாம். 2009இல் சிட்னி ஆய்வாளர்கள், தண்டுவடப் பாதிப்பு உள்ளவர்களுக்கான அளவைகளைச் சரிபார்த்தபோது டி-ஷர்ட்டையும் சேர்த்துக்கொண்டார்கள். சாய்மானமின்றி உட்கார்ந்து அதை அணிந்து கழற்ற எத்தனை நொடி ஆகிறது என்பதே அளவு. ஒரு கடிகாரமும் ஒரு டி-ஷர்ட்டும் போதும். சிறிய மருத்துவமனையிலும் செய்யலாம்.

நொடிக்கணக்கு எல்லாவற்றையும் சொல்லிவிடாது. தோளில் வலி இருந்தாலும் நேரம் கூடும். தளர்ந்த துணி என்றால் குறையும். ஆகவே ஒவ்வொரு முறையும் அதே டி-ஷர்ட்டைப் பயன்படுத்துவது நல்லது. எந்த இடத்தில் தயங்கினார், எப்போது ஒரு கையைச் சட்டென்று கீழே ஊன்றினார் என்பதையும் எழுதிவைக்க வேண்டும். ரவிக்கையின் கொக்கிகளை மாட்டுவதும், கைலியைத் தலைவழியே போட்டுக்கொள்வதும் வேறு அசைவுகள். நோயாளி தினமும் உடுத்தும் உடையைக் கொண்டே பார்த்தால் அவருடைய உண்மையான சிக்கல் தெரியும்.

2011இல் ஆஸ்திரேலியாவிலும் வங்கதேசத்திலும் நடந்த ஓர் ஆய்வில், புதிதாகக் கால்கள் செயலிழந்தவர்களில் ஒரு பிரிவினருக்கு ஆறு வாரம் கூடுதலாக உட்காரும் பயிற்சி தரப்பட்டது. வழக்கமான மறுவாழ்வுச் சிகிச்சை மட்டும் பெற்றவர்களைவிட அவர்கள் மேலாகத் தேறவில்லை. உடுத்துவதும் குளிப்பதும் நாற்காலிக்கு மாறுவதுமாக, வழக்கமான சிகிச்சையின் ஒவ்வொரு நாளிலும் அந்தப் பயிற்சி ஏற்கெனவே நடந்துகொண்டிருந்தது என்பது என் ஊகம்.