சுழிக்கும் எழுத்து முகவரிக்கு ஆகாது

கல்யாணப் பத்திரிகை வடிவமைக்கக் கேட்டு வருபவர்கள் பலரும் கைப்பேசியில் ஒரு மாதிரியைக் காட்டி, "இதே மாதிரி சுழிச்சுச் சுழிச்சு வரணும்" என்பார்கள். ஆசை நியாயமானதுதான். ஸ்நெல் ரவுண்ட்ஹேண்ட், ஸாப்ஃபினோ, கிரேட் வைப்ஸ் போன்ற கையெழுத்து எழுத்துருக்களில் மணமக்கள் பெயரைப் போட்டால் அட்டைக்கே தனிக் களை வந்துவிடும். ஜெர்மன் எழுத்துரு வடிவமைப்பாளர் ஹெர்மன் ஸாப்ஃப் 1998இல் தந்த ஸாப்ஃபினோவில் ஒரே எழுத்துக்குப் பல உருவங்கள் உண்டு. அதனால்தான் அச்செழுத்து என்ற நினைப்பே வராது.

பெயரைத் தாண்டும்போதுதான் தொல்லை. நேரம், மண்டபம், புளோக் (கட்டட) எண் எல்லாமே அதே எழுத்தில் வேண்டும் என்பார்கள். பல எழுத்துருக்களில் 1 எது, 7 எது என்று தெரியாது. இங்கே சிங்கப்பூரில் தாலி கட்டுவது சிராங்கூன் சாலைப் பெருமாள் கோயில் என்றால் பரவாயில்லை, ஃபேரர் பார்க் எம்ஆர்டி ரயில் நிலையத்தில் இறங்கி யாரைக் கேட்டாலும் வழி சொல்வார்கள். விருந்து வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) பேட்டையில் ஒரு பல்நோக்கு மண்டபம் என்றால் புளோக் எண்தான் எல்லாம். அதைச் சாதாரண எழுத்தில் போடச் சொல்லுங்கள். ஆங்கிலப் பெயரை முழுக்கப் பெரிய (கேப்பிடல்) எழுத்தில் போடவும் வேண்டாம். அந்தப் பெரிய எழுத்துகள் சொல்லின் தொடக்கத்தில் ஒற்றையாக நிற்க வரைந்தவை. வரிசையாக நின்றால் சிக்குக் கோலம்தான். எழுத்துகளுக்கு இடையே இடைவெளி கூட்டினாலும் இணைப்புக் கோடுகள் அறுந்து தொங்கும்.

தமிழுக்கு வருவோம். இந்த ஆங்கில எழுத்துருக்களில் தமிழ் கிடையாது. அதே எழுத்துருவில் தமிழைத் தட்டினால் மென்பொருள் தன் இஷ்டத்துக்கு வேறொன்றை எடுத்துப் போடும், இல்லையென்றால் வெறும் கட்டங்கள்தான் தெரியும். தமிழ் எழுத்தைக் கோர்த்து எழுதும் வழக்கமும் நமக்கு இல்லை. அதனால் ஆங்கிலச் சுழிப்பைத் தமிழில் அப்படியே கேட்காமல், சாய்வும் தூரிகைத் தடமும் உள்ள எழுத்தைத் தேடுவது நல்லது. இலங்கை வடிவமைப்பாளர் தாரிக் அஸீஸின் கவிவனார் அப்படிப்பட்டது, கூகல் ஃபான்ட்ஸில் இலவசமாகவே கிடைக்கிறது.

எதைத் தேர்ந்தாலும் மூன்று இடங்களைப் பாருங்கள்: ரகரமும் துணைக்காலும் பிரிந்து தெரிகிறதா, ன-ண-ள சுழிகள் ஒன்றோடொன்று ஒட்டுகின்றனவா, புள்ளி நிற்கிறதா. தங்க ஃபாயில் அச்சில் முதலில் காணாமல் போவது புள்ளியும் மெல்லிய கோடும்தான். திரையில் பளிச்சென்று இருந்த 'கண்ணன்' அட்டையில் 'கணணன' ஆகிவிடும். ஓலைச்சுவடியிலும் பெரும்பாலும் புள்ளி இருக்காது, ரகரமும் காலும் ஒன்றுபோலவே இருக்கும். அந்தக் காலத்தவர் இடம் பார்த்துப் படித்துக்கொண்டார்கள். பள்ளியில் தாய்மொழிப் பாடமாக மட்டும் தமிழ் படிக்கும் நம் பிள்ளைகளிடம் அதை எதிர்பார்ப்பது கொஞ்சம் கொடுமை.

ஆகவே பிடிஎஃப்பைப் பெரிதாக்கிப் பார்த்து ஒப்புதல் தராதீர்கள். அசல் அளவில், அசல் தாளில் ஒரு மாதிரி கேளுங்கள். வாட்ஸ்அப்பில் அனுப்பப்போகும் படத்தையும் ஒரு கைப்பேசியில் பெரிதாக்காமல் திறந்து பாருங்கள்.

உரிமம் பற்றி யாரும் கேட்பதில்லை. இணையத்தில் இலவசமாகக் கிடைக்கும் பல கையெழுத்து எழுத்துருக்கள் சொந்த உபயோகத்துக்கு மட்டும் என்ற நிபந்தனையோடு வருபவை. காசு வாங்கிக்கொண்டு பத்திரிகை செய்து கொடுப்பது வணிகப் பயன்பாடு, அதற்குத் தனி உரிமம் வாங்க வேண்டும். கவிவனார், கிரேட் வைப்ஸ் இரண்டும் திறந்த எழுத்துரு உரிமத்தில் உள்ளவை. அச்சிட்டு விற்கலாம், எழுத்துருவைத் தனியாக விற்கத்தான் கூடாது. வடிவமைப்பாளரிடம் விலை பேசும்போதே இதையும் கேட்டுவிடுங்கள்.