தள்ளுவண்டியிலிருந்து சொந்தக் கடைக்கு: பிஎம் ஸ்வநிதி கடனும் தெரு வியாபாரிகளின் உரிமைகளும்

தள்ளுவண்டியில் இட்லி, சுண்டல், பஜ்ஜி விற்பவருக்கு உடனடித் தேவை பெரிய முதலீடு அன்று. நாளைய மாவுக்கும் எண்ணெய்க்கும் சிலிண்டருக்கும் கையில் இருக்க வேண்டிய சுழற்சிப் பணமே. அதைப் பெரும்பாலும் தண்டல்காரர்களே கொடுத்து வந்தார்கள். 10,000 ரூபாய் என்று எழுதிக்கொண்டு, 1,500 ரூபாயை முன்கூட்டியே பிடித்து, 8,500 ரூபாயைக் கையில் கொடுத்து, நாளுக்கு 100 ரூபாய் வீதம் 100 நாள் வசூலிப்பது தண்டலில் பழகிப்போன கணக்கு. இதற்கு மாற்றாக, தெரு வியாபாரிகளுக்குப் பிணையில்லாமல் வங்கிக் கடன் கிடைக்கச் செய்வதற்காக மத்திய அரசு 2020 ஜூன் மாதத்தில் தொடங்கியதே பிஎம் ஸ்வநிதி திட்டம். 2025 ஆகஸ்டில் மத்திய அமைச்சரவை இதைத் திருத்தியமைத்து, கடன் வழங்கும் காலத்தை 2030 மார்ச் 31 வரை நீட்டித்தது.

கடன் மூன்று கட்டங்களாகக் கிடைக்கும். முதல் கட்டத்தில் 15,000 ரூபாய் வரையிலும், அதை அடைத்த பிறகு 25,000 ரூபாய் வரையிலும், அதையும் அடைத்த பிறகு 50,000 ரூபாய் வரையிலும் பெறலாம். திருத்தத்திற்கு முன்பு முதல் இரண்டு கட்டங்களும் 10,000, 20,000 ரூபாயாக இருந்தன. தவணையைத் தவறாமல் கட்டுபவருக்கு ஆண்டுக்கு 7 விழுக்காடு வட்டி மானியம் அவருடைய வங்கிக் கணக்கிலேயே வரவு வைக்கப்படும். வங்கிக்கு வங்கி வட்டி மாறும். 12 விழுக்காடு என்று வைத்துக்கொண்டால், 15,000 ரூபாயை ஓராண்டில் அடைக்க மாதம் ஏறத்தாழ 1,333 ரூபாய் கட்ட வேண்டும், மொத்த வட்டி 1,000 ரூபாயைத் தொடாது, அதிலும் பாதிக்கு மேல் மானியமாகத் திரும்பிவிடும். இதே தொகையைத் தண்டலில் எடுத்தால் 100 நாளுக்குள் 2,250 ரூபாய் போய்விடும்.

ஆனால் 15,000 ரூபாயில் யாரும் உணவகம் திறந்துவிட முடியாது. என் பார்வையில் இத்திட்டத்தின் உண்மையான பயன், வங்கியின் ஏட்டில் அதுவரை பெயரே இல்லாத ஒருவருக்குக் கடன் வரலாறு உருவாவதுதான். இரண்டாம் கட்டக் கடனை அடைத்தவர்களுக்கு யுபிஐ இணைப்புள்ள ரூபே கடன் அட்டை வழங்கவும் திருத்தப்பட்ட திட்டத்தில் இடமுண்டு. டிஜிட்டல் பரிவர்த்தனைகளுக்கு 1,600 ரூபாய் வரை ஊக்கத்தொகை உண்டு. வண்டியில் தொங்கும் கியூஆர் அட்டையின் வழியே வரும் பணம், ஊக்கத்தொகையைவிட, அன்றாட விற்பனை இவ்வளவு என்பதற்கு எழுத்துச் சான்றாகிறது என்பதற்காகவே மதிக்கத்தக்கது.

விண்ணப்பிக்க உள்ளாட்சி அமைப்பு வழங்கிய தெரு வியாபாரி அடையாள அட்டையோ விற்பனைச் சான்றிதழோ வேண்டும். உள்ளாட்சி அமைப்பு நடத்திய தெரு வியாபாரிகள் கணக்கெடுப்பில் விடுபட்டவர்கள் நகராட்சி அல்லது மாநகராட்சியிடமோ, தெரு வியாபாரத்தைக் கவனிக்க அங்கே அமைக்கப்படும் நகர விற்பனைக் குழுவிடமோ பரிந்துரைக் கடிதம் கேட்கலாம். அதற்கு வியாபாரிகள் சங்க உறுப்பினர் அட்டை போன்ற ஏதேனும் ஓர் ஆதாரம் போதும். அதுவும் இல்லையென்றால், நேரில் விசாரித்துக் கடிதம் தரும்படி வெள்ளைத்தாளில் எழுதிக் கொடுத்தாலே விண்ணப்பமாகும், 15 நாளுக்குள் அதன்மீது முடிவெடுக்க வேண்டும் என்று திட்ட விதிமுறை கூறுகிறது. ஆதாருடன் இணைந்த கைபேசி எண் நடப்பில் இருக்கிறதா என்பதை முதலிலேயே பார்த்துக்கொள்வது நல்லது. பழைய எண்ணைத் தொலைத்தவர்களின் விண்ணப்பம் அங்கேயே நின்றுவிடும்.

அந்த அடையாள அட்டை கடனுக்கு மட்டும் உரியதன்று. 2014ஆம் ஆண்டின் தெரு வியாபாரிகள் சட்டம் தரும் பாதுகாப்பைக் கேட்டுப் பெறவும் அது துணையாகிறது. இடமாற்றவோ அகற்றவோ வேண்டுமானால் 30 நாள் முன்னறிவிப்பு தர வேண்டும். பொருள்களைப் பறிமுதல் செய்தால் அவற்றைப் பட்டியலிட்டு, அதிகாரி கையொப்பமிட்ட நகலை வியாபாரியிடம் கொடுக்க வேண்டும். உரியவர் கேட்டால், அழுகக்கூடிய பொருளை அன்றைய தினமே, மற்றவற்றை இரண்டு வேலை நாளுக்குள் விடுவிக்க வேண்டும். மாலைக்குள் புளித்துவிடும் மாவை வைத்திருப்பவருக்கு இந்த ஒரு விதியின் மதிப்பு எவ்வளவு என்று தனியே சொல்ல வேண்டியதில்லை; இருந்தும், பட்டியலின் நகலைக் கேட்டு வாங்காததால்தான் பலர் இவ்வுரிமையைக் கைவிட்டுவிடுகிறார்கள்.

உணவு விற்பவருக்கு, வண்டியில் விற்றாலும், உணவுப் பாதுகாப்புச் சட்டத்தின் கீழ்ப் பதிவு வேண்டும். அந்த 14 இலக்கப் பதிவு எண் பின்னாளில் வங்கியிலும் உதவும். தெருவோர உணவு வியாபாரிகளுக்குச் சுகாதாரப் பயிற்சி அளிப்பதையும் திருத்தப்பட்ட திட்டம் சேர்த்திருக்கிறது.

மூன்றாம் கட்டக் கடனுக்கும் மேல் தேவைப்படுபவர், சிறு தொழில்களுக்கான மத்திய அரசின் கடன் திட்டமான முத்ராவின் கிஷோர் பிரிவில் 50,000 ரூபாய்க்கு மேல் 5 லட்சம் ரூபாய் வரை பிணையின்றிக் கடன் கேட்கலாம். முந்தைய கடன்களை அடைத்ததற்கான சான்றையும் யுபிஐ வரவுகள் தெரியும் வங்கிக் கணக்கு அறிக்கையையும் உடன் வைப்பவருடைய விண்ணப்பத்தை வங்கி மேலாளர் எளிதில் தள்ளிவிட முடியாது.

கடை திறப்பவர்கள் ஒன்றைக் கவனிக்க வேண்டும். விற்பனைச் சான்றிதழ் பெறும்போது, வியாபாரத்தைத் தாமோ தம் குடும்பத்தினரோதான் நடத்துவோம் என்றும், வேறு வாழ்வாதாரம் இல்லை என்றும், சான்றிதழை வாடகைக்குக்கூட விட மாட்டோம் என்றும் வியாபாரி உறுதிமொழி அளிக்கிறார். ஆகவே சொந்தக் கடைக்கு மாறிய பின் பழைய வண்டியிடத்தை வேறொருவருக்கு உள்வாடகைக்கு விடுவது அந்த உறுதிமொழியை மீறுவதாகும். அதைக் காரணமாகக் காட்டி, வியாபாரியின் விளக்கத்தைக் கேட்ட பிறகு, சான்றிதழை ரத்து செய்ய உள்ளாட்சி அமைப்புக்கு அதிகாரம் உண்டு.