ஸ்போர்ட்டிங் ஆர்ட்: விளையாட்டும் இல்லை, வீர விளையாட்டும் இல்லை

அமெரிக்காவின் வர்ஜீனியா மாநிலத்தில் மிடில்பர்க் என்றொரு சிற்றூர். குதிரைக்கும் நரி வேட்டைக்கும் பேர்போனது. அங்கே 1954இல் ஒரு நூலகம் தொடங்கினார்கள். 2011இல் அதோடு ஓர் அருங்காட்சியகமும் சேர்ந்தது. பெயர் நேஷனல் ஸ்போர்ட்டிங் லைப்ரரி அண்ட் மியூசியம். தமிழில் இதைப் பற்றிப் பேச்சு வரும்போதெல்லாம் 'தேசிய விளையாட்டு நூலகம்' என்கிறார்கள். அங்குள்ள ஓவியங்களை ஆங்கிலத்தில் 'ஸ்போர்ட்டிங் ஆர்ட்' என்பார்கள்; தமிழில் அது 'விளையாட்டுக் கலை'யாம். இதை நம்பி கிரிக்கெட் மட்டையைத் தேடிப் போகிறவருக்குக் கிடைப்பது குதிரையும் வேட்டைநாயும் தூண்டில் மீனும்தான்.

ஸ்போர்ட் என்ற சொல்லின் கதை சின்னது. பழைய பிரெஞ்சில் 'தெஸ்போர்' என்றால் பொழுதுபோக்கு. மனத்தை வேலையிலிருந்து விலக்கி அப்பால் கொண்டுபோவது. ஆங்கிலத்துக்கு வந்து தலை தேய்ந்து ஸ்போர்ட் ஆயிற்று. 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் ஒருவரை 'ஸ்போர்ட்ஸ்மேன்' என்றால் அவர் கையில் துப்பாக்கியோ தூண்டிலோ, காலடியில் நாயோ இருக்கும். பந்து பிற்பாடு வந்தது. ஸ்போர்ட்டிங் ஆர்ட் என்ற பெயரில் ஒட்டிக்கொண்டிருப்பது அந்தப் பழைய பொருள்.

'விளையாட்டுக் கலை'யாவது கவனக்குறைவு. 'வீர விளையாட்டு ஓவியம்' என்று யோசித்துச் செய்திருக்கிறார்களே, அதுதான் எனக்கு ஆகவில்லை. ஜல்லிக்கட்டுக்கு நாம் வைத்திருக்கும் சொல்லைக் கொண்டுபோய் நரி வேட்டைக்குப் போர்த்துகிறார்கள். மாட்டின் திமிலைப் பிடிப்பவன் வெறுங்கையோடு நிற்கிறான்; கொம்பு அவன் வயிற்றுக்கு நேரே இருக்கிறது. நரி வேட்டையிலோ இருபது, முப்பது நாய்கள் மோப்பம் பிடித்து ஒரே ஒரு செந்நரியைத் துரத்த, பின்னால் பெரிய மனிதர்கள் குதிரையில் வருகிறார்கள். வேலி தாண்டும்போது குதிரையிலிருந்து விழுந்து கழுத்தை முறித்துக்கொண்டவர்கள் உண்டு, மறுக்கவில்லை. ஆனால் நரியை எதிர்த்து நிற்பதில் என்ன வீரம்? இங்கிலாந்திலும் வேல்ஸிலும் 2005 பிப்ரவரி 18 முதல் நாய்களை ஏவி நரி வேட்டையாடுவது சட்டப்படி குற்றம். அந்த ஊர்க்காரர்களே வாதாடிக் களைத்த ஒன்றுக்கு நாம் ஏன் வீரப்பட்டம் கட்ட வேண்டும்?

"மூலத்தில் வேட்டை என்ற சொல் இல்லையே, ஸ்போர்ட் என்றுதானே இருக்கிறது" என்று ஒரு கட்சி. சொல்லுக்குச் சொல் வைப்பவர்களின் வழக்கமான வாதம் இது. அன்றைய ஆங்கிலேயன் காதில் அந்தச் சொல் விழுந்ததும் நாய் குரைப்பு கேட்டது. தமிழனுக்கும் அது கேட்க வேண்டுமென்றால் வேட்டை என்றே சொல்ல வேண்டும்.

சொல்லுக்குப் பஞ்சமும் இல்லை. சங்கப் பாடல்களில் 'வேட்டம்' காட்டுக்கு மட்டும் உரியதில்லை. பரதவர் கடலில் மீன் பிடிப்பதும் வேட்டம்தான். மிடில்பர்க் அருங்காட்சியகமும் வேட்டையையும் தூண்டிலையும் ஒரே கூரைக்கடியில்தான் வைத்திருக்கிறது. ஆகவே என் தீர்ப்பு 'வேட்டை ஓவியம்'. 'வேட்டைக் கலை' கூடாது. அது வேட்டையாடும் வித்தை என்று பொருள் தரும். குதிரைப் பந்தயம் இதில் அடங்காதே என்றால், சரி, அந்தப் படங்களை மட்டும் 'பந்தய ஓவியம்' என்று சொல்லிவிடலாம். ஒரே சொல்லில் எல்லாவற்றையும் அடைத்தே தீருவேன் என்று யாரும் சத்தியம் செய்து கொடுக்கவில்லை.

படங்களைப் பார்த்தவர் யாரும் 'விளையாட்டு' என்று எழுதியிருக்க மாட்டார். 18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய ஓவியர் ஜார்ஜ் ஸ்டப்ஸ், இங்கிலாந்தின் லிங்கன்ஷயரில் ஒரு பண்ணை வீட்டில் இறந்த குதிரைகளைக் கொக்கியில் தொங்கவிட்டுத் தோலையும் தசையையும் அடுக்கடுக்காக உரித்து வரைந்தார். அது 1766இல் குதிரை உடற்கூறு நூலாக வந்தது. அவருக்குப் பின்னும் பல ஓவியர்கள், பாயும் குதிரையின் நான்கு கால்களையும் முன்னும் பின்னும் நீட்டி அந்தரத்தில் மிதக்கவிட்டார்கள். 1878இல் புகைப்படக்காரர் மைபிரிட்ஜ் ஓடும் குதிரையை எடுத்த படங்கள் வந்த பிறகுதான் எந்தக் குதிரையும் அப்படி ஓடுவதில்லை என்று தெளிவாயிற்று. இந்தத் தவறுகளோடு சேர்த்தே அந்த ஓவியங்களைக் காப்பாற்ற வேண்டும். வேட்டை பிடிக்காதவர்களும் இதற்குப் பணம் தரலாம் என்பது என் கட்சி.

பணம் என்றதும் இன்னொன்று. 'அருங்காட்சியகத்தை ஆதரியுங்கள்' என்று எழுதுகிறார்கள். ஆதரிப்பது வேட்பாளரை. இங்கே கேட்பது நன்கொடை. அதை நேராகக் கேட்டால் என்ன? தருகிறவருக்குப் 'புரவலர்' என்று அருமையான சொல்லும் இருக்கிறது. இந்த ஓவிய மரபே புரவலர் பணத்தில் வளர்ந்ததுதான். குதிரையை வரைய 50 கினி (அந்நாளைய ஆங்கிலேயப் பொற்காசு) தருகிறவர் மனைவியை வரையப் 10 கினியே அதிகம் என்கிறார் என்று சொல்லிவிட்டு, 1812இல் நியூமார்க்கெட் பந்தயத் திடலருகே குடிபோனார் பென் மார்ஷல் என்ற ஓவியர்.

நரி என்ற சொல்லிலும் ஒரு சிக்கல். ஊட்டியில் வெள்ளைக்காரர்கள் நாய்க்கூட்டம் வைத்து வேட்டையாடியது ஊளையிடும் நம்மூர் நரியை. இங்கிலாந்தில் அவர்கள் துரத்திய செந்நரி வேறு விலங்கு. இரண்டும் ஒரே கட்டுரையில் வந்தால் பிரித்துச் சொல்லத்தான் வேண்டும்.

ஆங்கிலத்தில் 'மாஸ்டர் ஆஃப் ஹவுண்ட்ஸ்' எனப்படும் வேட்டைத் தலைவரை 'நாய்களின் எஜமானர்' என்று எழுதுவதைக்கூடப் பொறுத்துக்கொள்வேன். வேட்டைக்காரர் உடுத்தும் கோட்டை ஆங்கிலத்தில் 'பிங்க்' என்பார்கள். நிறமோ அசல் சிவப்பு. நம்மவர் 'இளஞ்சிவப்புக் கோட்டு' என்று எழுதிவிட்டுப் போகிறார். பக்கத்திலேயே படம் அச்சாகியிருக்கிறது, மிளகாய்ப்பழச் சிவப்பில்.