ஒரே வீட்டில் இருந்தவர்கள் எல்லோரும் ஒரு வயிற்றுப் பிள்ளைகள் அல்லர்

பத்தொன்பதாம் நூற்றாண்டு அமெரிக்க விவசாயக் குடும்பங்களின் வம்சாவளியைத் தேடித் தருவது என் தொழில். அண்மையில் சரிபார்க்க வந்த ஓர் அயோவா குடும்பத்தின் கொடிவழியில் 26 வயதுத் தாய்க்கு 16 வயதில் மகன் இருந்தான். இணையத்தில் ஒருவர் ஏற்றியதைப் பலரும் பார்த்தெழுதியிருக்கிறார்கள்; ஒருவர்கூடக் கழித்துப் பார்க்கவில்லை. இதே பிழையைத் திரும்பத் திரும்பப் பார்த்து மனம் சலித்துவிட்டது.

தயவுசெய்து இதை மனத்தில் வையுங்கள். 1850, 1860, 1870 ஆகிய மூன்று மக்கள்தொகைக் கணக்கெடுப்புகளிலும் குடும்பத் தலைவருக்கு இவர் என்ன உறவு என்ற கேள்வியே கிடையாது. அது 1880-இல்தான் சேர்க்கப்பட்டது. எனவே 1860-ஆம் ஆண்டுத் தாளில் ஒரே குடும்பப் பெயரோடு வரிசையாக நிற்கும் ஐந்து பிள்ளைகளில் இருவர் இறந்துபோன முதல் மனைவிக்குப் பிறந்தவர்களாகவும், ஒருவன் அண்ணன் மகனாகவும், வயதில் பெரியவன் குடும்பத் தலைவரின் தம்பியாகவும்கூட இருக்கலாம். பிரசவத்தில் மனைவியை இழந்தவர், கைக்குழந்தையையும் பண்ணையையும் தனியே பார்க்க இயலாமல் விரைவிலேயே மறுமணம் செய்துகொள்வது அன்று சாதாரணம். ‘சீனியர்’, ‘ஜூனியர்’ என்ற குறிப்புகளையும் தந்தை, மகன் என்று உடனே எழுதிவிடாதீர்கள். ஒரே ஊரில் ஒரே பெயர் கொண்ட பெரியவரையும் இளையவரையும் பிரித்தறியவும் அவ்வாறு குறித்தார்கள்.

நிலம் வைத்திருந்தவரின் தடயம் பெரும்பாலும் கவுண்டி (மாநிலத்தின் உட்பிரிவு, நம் மாவட்டம் போன்றது) அலுவலகத்தில் இருக்கும், அங்கே தேடுங்கள். உயில் எழுதாமல் இறந்தவரின் பாகப்பிரிவினைத் தாள்களில் மணமான மகள்கள் கணவர் பெயரோடு வருவதுண்டு. தந்தை இறந்தபின் தாய் உயிரோடு இருந்தாலும் பிள்ளைகளின் சொத்துக்கு நீதிமன்றம் காப்பாளரை நியமித்தது என்பதால், அந்த உத்தரவைக் கண்டவுடன் தாயும் இறந்தார் என்று முடிவுகட்டாதீர்கள். 1862-ஆம் ஆண்டு ஹோம்ஸ்டெட் சட்டப்படி 160 ஏக்கர் வரை அரசு நிலம் பெற்று ஐந்தாண்டுகள் குடியிருந்து உரிமையாக்கிக்கொண்டவர்களின் கோப்புகளும், உள்நாட்டுப் போரில் கணவரை இழந்த பெண்களின் ஓய்வூதியக் கோப்புகளும் தேசிய ஆவணக் காப்பகத்தில் உள்ளன. பின்னவற்றில் திருமணத்திற்கும் பிள்ளைகளின் பிறப்பிற்கும் சான்று கிடைக்கும். 1890 கணக்கெடுப்பின் பெரும்பகுதி 1921 தீவிபத்தில் சேதமடைந்து பின்னர் அழிக்கப்பட்டுவிட்டதால், 1880-க்கும் 1900-க்கும் இடைப்பட்ட இருபதாண்டு இடைவெளிக்குக் கிரயப் பத்திரங்களும் வரிப் பதிவேடுகளுமே துணை.

தாயின் பெயருக்குச் சான்று கிடைக்கும் வரை அந்தக் கட்டத்தை வெறுமையாகவே விடுங்கள். ஏற்கெனவே ஏற்றியிருந்தால் இன்றே நீக்கிவிடுங்கள்.