வராத துணியைக் கேட்பது எப்படி?

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனி அலுவலகத்தில் நான் சேர்ந்த புதிது. ஸ்டோர் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் தினமும் காலையில் வந்து ஒரே கேள்வியைக் கேட்பார். "அம்மிணி, சாயத்துக்குப் போன துணி இன்னும் எத்தன கிலோ வரோணும்?"

கம்ப்யூட்டரில் எல்லாமே இருந்தது. நிட்டிங் முடிந்த எந்த லாட் (ஒரு தொகுதித் துணி) எந்தச் சாயப்பட்டறைக்கு எந்த டிசியில் (சரக்கோடு போகும் டெலிவரி சலான்) போனது, எத்தனை ரோல், எத்தனை கிலோ, எப்போது திரும்பியது, எல்லாவற்றையும் விடாமல் ஏற்றியிருப்பதாகத்தான் நினைத்திருந்தேன். ஆனால் மென்பொருளோடு வந்த ரிப்போர்ட்டுகளில் போனதற்கு ஒன்று இருந்தது, வந்ததற்கு ஒன்று இருந்தது, வராததற்கு மட்டும் இல்லை. "இருங்ணா, பார்த்துச் சொல்றனுங்க" என்று நான் திரையைத் தேடிக்கொண்டிருக்க, அவர் தன் நீள நோட்டைப் பிரித்துப் பென்சிலால் கூட்டி முடித்திருப்பார்.

அந்தக் கேள்விக்காகத்தான் நான் குவெரி போடக் கற்றுக்கொண்டேன். குவெரி என்றால் தரவுத்தளத்திடம் கேட்கும் கேள்வி. ரெடிமேட் ரிப்போர்ட் வேறு யாரோ முன்கூட்டியே கேட்டு வைத்த கேள்வி. குவெரி நம் கேள்வி.

இப்படி நாமே கேட்க முடிவதே ஒரு பெரிய மாற்றத்தின் பலன். 1960களின் தரவுத்தளங்களில் ஒரு பதிவிலிருந்து அடுத்த பதிவுக்குச் சங்கிலி போட்டு வைத்திருப்பார்கள். எந்தச் சங்கிலியைப் பிடித்து எங்கே போக வேண்டும் என்று புரோகிராமர் ஒவ்வொரு அடியாக எழுத வேண்டும். சங்கிலியில்லாத கேள்வியைக் கேட்பது பெரும்பாடு. ஐபிஎம்மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட் 1970இல் ஒரு கட்டுரை எழுதினார். எல்லாத் தகவலையும் வெறும் அட்டவணைகளாக வையுங்கள், என்ன வேண்டும் என்பதை மட்டும் மனிதர் சொல்லட்டும், எப்படி எடுப்பது என்பது இயந்திரத்தின் வேலை என்றார். 1974இல் அதே நிறுவனத்தின் டொனால்ட் சேம்பர்லினும் ரேமண்ட் பாய்ஸும் அதற்கு ஒரு மொழி அமைத்தார்கள். அதுதான் இன்றைய எஸ்க்யூஎல். ஏறக்குறைய அதே காலத்தில் மோஷே ஸ்லூஃப் என்பவர், வெற்றுக் கட்டங்களை நிரப்பியே கேள்வி கேட்கும் முறையைக் கொண்டுவந்தார். அலுவலக மென்பொருளில் "எந்த நெடுவரிசை வேண்டும், என்ன நிபந்தனை" என்று கட்டம் கட்டமாகக் கேட்கும் திரை அந்த வழியில் வந்தது. கட்டத்தை நிரப்பினாலும் பின்னால் ஓடுவது பெரும்பாலும் எஸ்க்யூஎல்தான்.

சரி, பெரியவரின் கேள்விக்கு வருவோம். இரண்டு அட்டவணைகள். ஒன்றில் போனது, இன்னொன்றில் வந்தது. இரண்டுக்கும் பொதுவாக லாட் எண். மூன்று லாட்டுகளை மட்டும் எடுத்துக்கொள்வோம். 101 போனது 500 கிலோ, 480 கிலோவாகத் திரும்பிவிட்டது. 102 போனது 300 கிலோ, இரண்டு தடவையாக 150, 138 என்று வந்தது. சாயம் போடும்போது கொஞ்சம் எடை குறைவது வழக்கம், அதனால் இரண்டும் கணக்குத் தீர்ந்தவை. 103 போனது 300 கிலோ, ஒரு ரோல்கூட வரவில்லை.

இரண்டு அட்டவணைகளையும் லாட் எண்ணை வைத்துச் சேர்ப்பதற்கு ஜாயின் என்று பெயர். கட்டத் திரையில் ஒரு கோடு இழுத்தால் ஜாயின் ஆகிவிடும். நானும் இழுத்தேன். போன கிலோவைக் கூட்டச் சொன்னேன், வந்த கிலோவைக் கூட்டச் சொன்னேன், கழித்தேன். போனது 1100, வந்தது 768, பாக்கி 332. எடைக் குறைவு 32 கிலோவையும் சேர்த்து நோட்டிலும் அதேதான். பெருமையாக இருந்தது.

ஆனால் லாட் வாரியாகப் பிரித்தபோது 102இல் 312 கிலோ பாக்கி என்று காட்டியது. 103 பட்டியலிலேயே இல்லை. பட்டறைக்காரரைக் கூப்பிட்டு, அவர் எப்போதோ கொடுத்து முடித்த துணிக்குச் சத்தம் போட்டிருப்போம். நிஜமாகவே வர வேண்டிய 300 கிலோவைப் பற்றி யாரும் கேட்டிருக்க மாட்டோம்.

நடந்தது இதுதான். சாதாரண ஜாயின் இரு பக்கமும் ஜோடி கிடைத்த வரிகளை மட்டுமே காட்டும். 103க்கு வந்த பக்கத்தில் ஜோடி இல்லை, அதனால் அது சத்தமில்லாமல் விழுந்துவிட்டது. 102க்கு இரண்டு ஜோடி, அதனால் அதன் 300 கிலோ இரண்டு வரியில் இரண்டு தடவை எழுதப்பட்டு 600 ஆனது. ஒரு 300 தொலைந்தது, ஒரு 300 கூடியது, மொத்தம் சரியாக நின்றது. எந்தப் பிழைச் செய்தியும் வராது. கேட்டதற்கு இயந்திரம் ஒழுங்காகப் பதில் சொல்லியிருக்கிறது. இந்த இடம்தான் குவெரி கற்பதில் எனக்கு மிக முக்கியமானதாகத் தெரிகிறது. மொத்தத் தொகை ஒத்துப்போனால் போதும் என்று கணக்குப் பழக்கத்தில் நினைப்போம். குவெரியில் மொத்தம் சரியாக இருந்தும் ஒவ்வொரு வரியும் தப்பாக இருக்கலாம்.

திருத்துவதற்கு இரண்டு வேலை. முதலில் வந்த அட்டவணையைத் தனியாக எடுத்து, ஒரு லாட்டுக்கு ஒரு வரி என்று கூட்டிச் சுருக்க வேண்டும். இதற்கு குரூப் பை. 102க்கு இப்போது 288 என்று ஒரே வரி. அப்புறம், போன அட்டவணையை இடது பக்கம் வைத்து லெஃப்ட் ஜாயின் போட வேண்டும். அது இடது பக்கத்து வரி எதையும் கீழே விடாது. ஜோடி இல்லாவிட்டால் வலது பக்கத்தை வெறுமையாக வைத்து அந்த வரியைக் காட்டும். அந்த வெறுமைக்கு "நல்" என்று பெயர்.

நல் என்பது பூஜ்யம் இல்லை, தெரியாது என்று பொருள். 300இலிருந்து தெரியாததைக் கழித்தால் தெரியாதுதானே வரும்? அதனால் 103க்குப் பாக்கி 300 என்று வராமல் கட்டம் காலியாகவே நிற்கும். 'நல் என்று இருந்தால் பூஜ்யமாக எடுத்துக்கொள்' என்று நாமே சொல்ல வேண்டும், கோயலெஸ் என்ற கட்டளை அதற்குத்தான். காலியாக இருப்பவற்றைத் தேடும்போதும் சமக்குறி போடக்கூடாது, இஸ் நல் என்றுதான் கேட்க வேண்டும். தெரியாததும் தெரியாததும் சமமா என்றால், அதற்கும் பதில் தெரியாது என்பதுதான்.

இதே காரணத்தால் இன்னொரு குழியும் உண்டு. லெஃப்ட் ஜாயின் சரியாகப் போட்டுவிட்டு, வந்த தேதிக்குக் கீழே உள்ள நிபந்தனைக் கட்டத்தில் 'இந்த மாதம்' என்று நிரப்பினால் 103 மறுபடி காணாமல் போய்விடும். அதற்கு வந்த தேதியே நல். இந்த மாதமா என்று கேட்டால் ஆம் என்றும் வராது, இல்லை என்றும் வராது. எஸ்க்யூஎல்லில் "வேர்" என்று எழுதும் நிபந்தனை, ஆம் என்று வந்த வரிகளை மட்டும்தான் உள்ளே விடும். தேதி நிபந்தனையை, வந்ததைக் கூட்டிச் சுருக்கும் முதல் படியிலேயே போட்டுவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

எழுதும் வரிசையும் வேலை நடக்கும் வரிசையும் வேறு என்பது தெரிந்தால் பாதிக் குழப்பம் தீரும். எழுதும்போது, என்னென்ன காட்ட வேண்டும் என்று சொல்லும் செலக்ட் முதலில் வருகிறது. பொருள் கொள்ளும்போது எந்த அட்டவணை என்று சொல்லும் ஃப்ரம்மும் ஜாயினும் முதலில், அப்புறம் வேர், குரூப் பை, ஹேவிங், அதற்குப் பிறகே செலக்ட், கடைசியில் வரிசைப்படுத்தும் ஆர்டர் பை. கூட்டுவதற்கு முன் வரிகளை வடிகட்ட வேர். கூட்டி வந்த தொகையை வைத்து, 200 கிலோவுக்கு மேல் வந்த லாட் மட்டும் என்று வடிகட்ட ஹேவிங்.

லட்சக்கணக்கான டிசிகளில் இது நொடியில் எப்படி வருகிறது? முக்கியமான காரணம் இண்டெக்ஸ், புத்தகத்தின் கடைசியில் இருக்கும் சொல்லடைவு மாதிரி, தேடுவது எங்கே இருக்கிறது என்று காட்டுவது. போயிங்கின் ஆய்வகத்தில் வேலை பார்த்த ருடால்ஃப் பேயரும் எட்வர்ட் மெக்ரைட்டும் 1970களின் தொடக்கத்தில் வெளியிட்ட பி-ட்ரீ என்ற அமைப்பு இன்றும் அதற்கு அடிப்படை. ஒரு பக்கத்திலிருந்து 200 கிளை பிரிகிறது என்றால், மூன்றே படியில் 80 லட்சம் பதிவுகளைப் பிரித்துவிடலாம், நான்கு படியில் 160 கோடி. அந்த இண்டெக்ஸைப் பயன்படுத்துவதா, முழு அட்டவணையையும் புரட்டுவதா என்பதைத் தரவுத்தளமே கணக்குப் போட்டு முடிவு செய்துகொள்கிறது.

கற்பவர்களுக்குப் பயம் இருக்கிறது, எதையாவது அழித்துவிடுவோமோ என்று. செலக்ட் வெறுமே படிக்கும், தரவை மாற்றாது. அப்டேட், டெலிட் போன்றவைதான் மாற்றுபவை. படிக்க மட்டும் அனுமதி உள்ள ஒரு லாகின் கேட்டு வாங்கிக்கொண்டால் தாராளமாக ஓட்டிப் பார்க்கலாம். எந்தக் குவெரியையும் நான் முதலில் மூன்று நான்கு லாட்டுகளில் ஓட்டி, விடையைக் காகிதத்திலும் போட்டுப் பார்ப்பேன். ஒரு முறை வந்தது, பல முறை வந்தது, வராதது என்று ஒவ்வொரு வகையிலும் ஒன்றாவது அதில் இருக்க வேண்டும்.

இதெல்லாம் வெறும் அலுவலகச் சௌகரியம் இல்லை. 2011 ஜனவரி கடைசியில், நொய்யல் ஆற்று மாசுபாட்டு வழக்கில் சாயப்பட்டறைகளை மூடச் சொல்லிச் சென்னை உயர் நீதிமன்றம் உத்தரவிட்டபோது, நம் துணி எங்கே எவ்வளவு மாட்டியிருக்கிறது என்பது ஊரில் பலருக்கு அவசரக் கேள்வியாகிவிட்டது. இப்போது ஜிஎஸ்டி சட்டமும் அதையே கேட்கிறது. ஜாப் ஒர்க்குக்கு, அதாவது வெளியில் கூலிக்கு வேலை செய்து வாங்க அனுப்பிய மூலப்பொருள் பொதுவாக ஒரு வருடத்துக்குள் வந்து சேர வேண்டும். வராவிட்டால், அனுப்பிய நாளிலேயே அதை சப்ளை செய்துவிட்டதாகக் கணக்காகி வரி கட்ட நேரும். அனுப்பி 300 நாள் தாண்டியும் பாக்கி நிற்கும் லாட்டுகளைக் காட்டும் குவெரி ஒன்றை நான் தனியாகவே சேமித்து வைத்திருக்கிறேன். மேலே சொன்ன குவெரியில் தேதிக்கு ஒரு நிபந்தனை கூடுதல், அவ்வளவுதான். அது போன தேதியின் மேல் போடுவது, அதில் நல் வராது, அதனால் வேரில் போட்டாலும் எதுவும் விழுந்துவிடாது.

திருத்திய குவெரியை ஓட்டிப் பட்டியலை அச்செடுத்து அன்று மாலையே பெரியவரிடம் கொண்டுபோனேன். கண்ணாடியை மாட்டிக்கொண்டு நோட்டோடு ஒவ்வொரு லாட்டாக டிக் போட்டுக்கொண்டே வந்தார். முக்கால்வாசி தாண்டி ஒரு வரியில் பென்சில் நின்றது. "இதொண்ணு உங்க லிஸ்ட்ல இல்லீங்களே அம்மிணி." தீபாவளிக்கு முன் அவசரத்தில் டிசி போடாமல் கைச்சீட்டில் ஏற்றி அனுப்பிய லாட் அது. போன அட்டவணையிலேயே அது இல்லை. எந்த ஜாயினாலும் அதைக் கொண்டுவர முடியாது. கைச்சீட்டை வாங்கிக்கொண்டு போய் லாட்டை ஏற்றினேன், குவெரியை மறுபடி ஓட்டினேன்.