பென் டிரைவில் போன பழைய லைப்ரரி

மாங்குளம், ஒட்டுசுட்டான் பக்கத்துக் கடைகள் சிலவற்றுக்கு இருப்புக் கணக்கு பார்க்க ஒரு சின்ன மென்பொருள் செய்து கொடுத்திருக்கிறோம். எல்லாம் டெபியன் என்ற லினக்ஸ் இயங்குதளம் போட்ட பழைய கணினிகள். அங்கே சிக்னல் இரண்டு கோடு வந்தாலே பெரிய விசயம் என்பதால், வேண்டிய லைப்ரரிகள் (மற்றவர்கள் எழுதிவைத்த ஆயத்த நிரல்கள்) அத்தனையையும் மென்பொருளுக்குள்ளேயே அடைத்து, பென் டிரைவில் கொண்டுபோய்ப் போட்டுவிட்டு வருவோம். போட்டதும் ஓடும், ஒருவருக்கும் தலையிடி இல்லை.

2023 செப்டெம்பரில் லிப்வெப்பியில் ஒரு ஓட்டை வெளிவந்தது. வெப்பி (WebP) என்ற வகைப் படங்களைத் திறக்கிற லைப்ரரி அது. வேண்டுமென்றே கெடுத்துச் செய்த படம் ஒன்றைத் திறந்தாலே நினைவகத்தில் எல்லை மீறி எழுதிவிடும். டெபியன் தான் தருகிற லிப்வெப்பி பொதியைத் (நிறுவத் தயாராகக் கட்டிய மென்பொருளை) திருத்தி வெளியிட்டது, நாங்களும் கடை கடையாக அலைந்து அப்டேட் போட்டோம், முடிந்தது என்று வீட்டுக்கு வந்துவிட்டோம். எங்கள் மென்பொருளின் வயிற்றுக்குள் கிடந்த பிரதியை டெபியனின் அப்டேட் கருவியான ஆப்ட் எப்படித் தொடும்? லிப்வெப்பியைத் தன்னோடு அடைத்தே தரும் எலெக்ட்ரான் என்ற கருவியில் செய்த செயலிகள் ஒவ்வொன்றும் தனித்தனியாக அப்டேட் விட வேண்டி வந்ததும் இதே சங்கதியால்தான்.

எங்களுக்கு இதைச் சொன்னவர் டெபியன் பொதி பராமரிப்பாளர் ஒருவர். அதே மென்பொருளை டெபியனில் சேர்க்கலாமா என்று கேட்டு எழுதியிருந்தோம். இதற்குள் லிப்வெப்பி எதற்கு என்று முதலில் கேட்டார். அப்புறம், லிப்வெப்பியை எழுதியவர்களின் மூலத்தோடு ஒப்பிட்டால் இரண்டு வரி மாறியிருக்கிறதே, ஏன் என்றார். எங்களில் ஒருவருக்கும் ஞாபகமில்லை. வெட்கமாகத்தான் இருந்தது.

டெபியன் கொள்கைப்படி, தொகுப்பில் ஏற்கெனவே உள்ள லைப்ரரியை இன்னொரு பொதிக்குள் அடைத்துப் பயன்படுத்தக்கூடாது. இன்னொரு லினக்ஸான பெடோரா 2015இல் கொஞ்சம் இறங்கிவந்தது: அடைத்தால் அதைப் பொதியிலேயே அறிவித்துவிட வேண்டும். என்னைக் கேட்டால் பெடோரா வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும், ஆனால் நாங்கள் அதையும் செய்திருக்கவில்லை.

சரி என்று சிஸ்டத்தில் உள்ள லிப்வெப்பியையே எடுக்கும்படி மாற்றினோம். அதிலும் ஒரு கூத்து. ஓட்டை மூலத்தில் திருந்தியது 1.3.2இல் என்பதால், அதற்குக் குறைந்த பதிப்பென்றால் ஓடாதே என்று எழுதிவைத்தோம். டெபியன் 12இல் ஓடவேயில்லை. நிலையான வெளியீட்டில் பதிப்பை உயர்த்தமாட்டார்கள், திருத்தத்தை மட்டும் பழைய பதிப்புக்குள் கொண்டுவந்து வைப்பார்கள், அதனால் ஓட்டை அடைபட்ட பிறகும் எண் 1.2.4தான். பராமரிப்பாளரிடம் முதலே ஒருக்கா கேட்டிருந்தால் இரண்டு நாள் மிச்சம்.

அடைத்த பிரதி இப்போது தனிக் கோப்புறையில் இருக்கிறது, அதை அழித்தாலும் மென்பொருளைக் கட்டமைக்க முடியும். அந்த இரண்டு வரியையும் எடுத்துவிட்டுப் பார்த்தோம், ஒன்றும் உடையவில்லை! சிக்னல் இல்லாத கடைகளுக்கு பென் டிரைவில் டெபியனின் லிப்வெப்பி பொதியையும் சேர்த்தே கொண்டுபோகிறோம். பிறகு எப்போதாவது இணையம் கிடைத்தால் ஆப்ட் அதைத் தானே பார்த்துக்கொள்ளும்.

ஒட்டுசுட்டான் கடையொன்றில் பழைய பென் டிரைவ் இன்னும் லாச்சிக்குள் கிடக்கிறதாம். அடுத்த கிழமை போகும்போது மறக்காமல் வாங்கிவர வேண்டும்.