ஸ்கேன் எடுத்ததுதானே, அப்படியேதானே இருக்கும்?

பதினான்கு சென்டிமீட்டர். போன வாரம் ஒரு வீட்டில் சுவருக்கும் புது அலமாரிக்கும் நடுவே விழுந்திருந்த சந்து அது. "பிளான்ல தப்பு சார்" என்று போன். வரைந்தவன் நான், வேறு யார் ஓடுவது?

அந்தச் சுவர்ப் பள்ளத்தின் அகலம் 2.40 மீட்டர். 1:50-இல், அதாவது நிஜ அளவில் ஐம்பதில் ஒரு பங்காக வரைந்தது, ஆகவே தாளில் 48 மில்லிமீட்டர் இருக்க வேண்டும். தச்சர் கையிலிருந்த தாளை வாங்கி ஸ்கேலை வைத்தேன். 45-ஐக் கொஞ்சம் தாண்டி நின்றது. ஐம்பதால் பெருக்கினால் 2.26 மீட்டர். மனிதர் சரியாகத்தான் அளந்திருக்கிறார். தாள்தான் சுருங்கியிருக்கிறது.

விசாரித்தேன். வீட்டுக்காரர் அசல் பிளானை வீட்டிலேயே ஸ்கேன் செய்து ஒரு பிரிண்ட் எடுத்திருக்கிறார். அசல் பத்திரமாக பீரோவுக்குள் போய்விட்டது. தச்சருக்கு ஒரு நகல் வேண்டும் என்றதும், அந்தப் பிரிண்டையே திரும்ப ஸ்கேன், திரும்ப பிரிண்ட். இரண்டு முறையும் 'ஃபிட் டு பேஜ்'. தாளின் ஓரம் வரை பிரிண்டரால் அச்சிட முடியாது என்பதால், படத்தைத் தானே கொஞ்சம் சுருக்கி உள்ளே தள்ளிவிடும். இவருடையது ஒவ்வொரு முறையும் 97 சதவீதமாக்கியிருக்கிறது. 97-இல் 97 சதவீதம் என்றால் 94.

அளவை எண்ணாக எழுதியிருக்கக் கூடாதா என்று கேட்பீர்கள். எழுதியிருந்தேன், கடைசி நேரத்தில், பென்சிலால். அது என் சோம்பேறித்தனம், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் ஸ்கேனர் 'பிளாக் அண்ட் வைட்'டில் இருந்திருக்கிறது. அதற்குக் கறுப்பு உண்டு, வெள்ளை உண்டு, நடுவில் எதுவும் கிடையாது. பென்சில் எழுத்து மொத்தமும் வெள்ளைக் கணக்கில் போய்விட்டது. 'கிரே ஸ்கேல்' வைத்திருந்தால் எண் தப்பியிருக்கும், அலமாரியும் தப்பியிருக்கும்.

இதற்கு வீட்டுக்காரர் சொன்ன பதில்தான் என்னை இதை எழுத வைத்தது: "600 டிபிஐ வச்சுதான் சார் எடுத்தேன்."

எத்தனை பேர் இதையே சொல்லிவிட்டார்கள்! டிபிஐ என்பது ஓர் அங்குலத்தை எத்தனை புள்ளியாக நறுக்குகிறோம் என்ற கணக்கு. ஒரு தோசையை நாலாக வெட்டினாலும் எட்டாக வெட்டினாலும் தோசை அதே தோசைதான். 300-இல் ஏ4 தாள் ஏறக்குறைய 2480-க்கு 3508 புள்ளிகள். 600-இல் இரண்டும் இரட்டிப்பாகும், கோடுகள் இன்னும் கூர்மையாகத் தெரியும், அவ்வளவே. அச்சில் நீளம் எவ்வளவு வரும் என்பதைத் தீர்மானிப்பது பிரிண்ட் பெட்டியில் இருக்கும் அந்தச் சதவீதம். 1200 வைத்து ஸ்கேன் செய்துவிட்டு 94 சதவீதத்தில் அச்சிட்டால், மிகத் தெளிவான தப்பு கிடைக்கும்.

தெளிவான தப்பு என்றதும் ஒரு கதை. 2013-இல் ஜெர்மனியைச் சேர்ந்த கணினி அறிஞர் டேவிட் கிரீசல், ஒரு கட்டடப் பிளானை ஜெராக்ஸ் வொர்க்சென்டர் எந்திரத்தில் ஸ்கேன் செய்து பார்த்தார். அசலில் மூன்று அறைகளின் பரப்பு 14.13, 21.11, 17.42 சதுர மீட்டர். நகலில் மூன்றுமே 14.13! கோப்பைச் சுருக்குவதற்காக, ஒன்றுபோலத் தெரியும் துண்டுகளில் ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்ற இடங்களிலும் அதையே ஒட்டிவிட்டது எந்திரம். நிறுவனம் பிறகு மென்பொருளைத் திருத்தி வெளியிட்டது. நகலுக்கே ஜெராக்ஸ் என்று பேர் வைத்த நமக்கு இது கொஞ்சம் கூடுதலாகவே உறைக்க வேண்டும். எண் மங்கலாக இருந்தால் சந்தேகப்படுவோம். பளிச்சென்று இருந்தால் யார் சந்தேகப்படப் போகிறார்கள்? எண்கள் நிறைந்த தாளை ஸ்கேன் செய்யும்போது 'ஸ்மால் ஃபைல்' பக்கமே போகாதீர்கள். முடித்ததும் அசலைப் பக்கத்தில் வைத்து எண்களை ஒருமுறை படித்துப் பாருங்கள்.

மற்றதெல்லாம் சின்ன வேலைகள்தான். பிரிண்ட் கொடுக்கும்போது 'ஆக்சுவல் சைஸ்' அல்லது 100 சதவீதம். காகிதம் ஏ4-ஆ, லெட்டரா என்று பாருங்கள்: ஏ4-இன் உயரம் 297 மில்லிமீட்டர், லெட்டருடையது 279. அங்கே மாறியிருந்தால் ஒரே அடியில் 94 சதவீதத்துக்கு இறங்கிவிடும். 'பார்டர்லெஸ்' இதற்கு நேரெதிர், ஊதிப் பெரிதாக்கும். தாளை மேலே செருகி இழுக்க விடாமல் கண்ணாடியின் மேல் வைத்து மூடுங்கள், இழுக்கும்போது கோணிக்கொள்ளும். போனில் எடுத்த படத்தில் அளவு பார்க்கவே கூடாது. அதை வாட்ஸ்அப்பில் படமாக அனுப்பினால் இருந்த தெளிவும் போகும், டாக்குமென்டாக அனுப்புங்கள். நகலுக்கு நகல் எடுக்காதீர்கள், தயவுசெய்து. பீரோ சாவி உங்களிடம்தானே இருக்கிறது?

சந்தேகம் இருந்தால் ஸ்கேன் செய்யும்போதே தாளின் ஓரத்தில் ஒரு ஸ்கேலையும் படுக்க வைத்துவிடுங்கள். அச்சான ஸ்கேலின் மேல் நிஜ ஸ்கேலை வைத்தால் குட்டு வெளிப்பட்டுவிடும். நீளவாக்கில் ஒருமுறை, அகலவாக்கில் ஒருமுறை பாருங்கள், சில பிரிண்டர்கள் ஒரு பக்கம் மட்டும் இழுக்கும்.

போன வாரத்திலிருந்து பென்சிலை விட்டுவிட்டேன். ஒவ்வொரு பிளானின் மூலையிலும் சரியாக 100 மில்லிமீட்டரில் ஒரு பட்டை வரைகிறேன். அதை அளந்து பார்த்துவிட்டு எனக்கு போன் செய்யுங்கள்.